நாளொன்றுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு நியூட்ரல்

யாசீன் ஓட்டும் பஸ்ஸில் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை என்பது டிப்போவில் பழைய பேச்சு. அதில் கொஞ்சம் மிகை உண்டு. ஆனால் இருபத்தேழு வருஷத்தில் அவர் வண்டிக்குள் யாரும் தடுமாறி விழுந்ததாக ஒரு புகார்கூட வந்ததில்லை. டிப்போ அவரைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டது அதற்காக அல்ல, டீசலுக்காக.

ஷிப்ட் முடிந்து உள்ளே வரும் வண்டி நேராக டீசல் பங்க்குக்குப் போகும். டேங்கை வாய் வரைக்கும் நிரப்புவார்கள். எத்தனை லிட்டர் ஏறியதோ அத்தனையும் அன்றைக்கு வண்டி குடித்தது. ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுத்தால் ஓர் எண் வரும். மாதக் கடைசியில் ஒவ்வொரு டிரைவர் பெயருக்கு நேராகவும் அந்த எண்ணை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். மற்றவர்கள் நாலே கால், நாலரை என்று இருப்பார்கள். யாசீன் ஐந்து. பல்லாவரத்திலிருந்து பொத்தேரி வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு, அந்த நெரிசலில், ஐந்து சும்மா வராது.

அவர் செய்தது இதுதான். ஸ்டாப்புக்கு முந்நூறு மீட்டர் இருக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். இடக்கை கியரை நியூட்ரலுக்குத் தள்ளும். அதற்குப் பிறகு வண்டி தன் கனத்திலேயே உருண்டு போகும். கடைசிப் பத்தடியில் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். வண்டலூர் மேம்பாலத்தில் ஏறி உச்சி தாண்டியதும் அதே நியூட்ரல். இறக்கத்தில் நியூட்ரலில் விடக்கூடாது என்பது விதி. விதி எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மீறுவார்கள். யாசீன் அளந்து மீறுவார். முன்னால் எவ்வளவு இடம், எத்தனை டூ வீலர், ரோடு ஈரமா உலர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கை நகரும். பத்து வருஷத்தில் பார்ப்பது தனி, கை நகர்வது தனி என்று இல்லாமல் போய்விட்டது.

ஒரு தடவை தாளில் போட்டுப் பார்த்தார். மற்றவர்களைவிட நாளைக்கு ஐந்து லிட்டர் மிச்சம், வருஷத்துக்கு இருநூற்றெண்பது நாள், இருபத்தேழு வருஷம். முப்பத்தேழாயிரத்துச் சொச்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கிற டேங்கர் லாரி மூன்று. மூன்று லாரி எண்ணெய் தன் காலடியில் எரியாமல் நின்றுவிட்டது என்றால் ஒரு மனுஷனுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. அது உமர் போன பிறகு போட்ட கணக்கு. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சட்டையோடு சேர்ந்து அதுவும் துவைபட்டது.

உமர் அவருடைய ஒரே மகன். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை ஏழேகால் மணிக்கு, பைக்கில் கிளாம்பாக்கம் தாண்டிப் போகும்போது, ஊரப்பாக்கம் ஸ்டாப்புக்கு இருநூறு மீட்டர் முன்னால், பின்னால் வந்த லாரி தட்டிவிட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. யாசீன் அந்த நேரத்தில் அதே ரோட்டில் எதிர்ப்பக்கம், பல்லாவரம் நோக்கி வந்துகொண்டிருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டம் கூடுவது தெரிந்தது. ஒற்றை ஷூ ஒன்று ரோட்டில் கிடந்தது. வேடிக்கை பார்க்க எல்லாரும் வண்டியை நிறுத்திவிடுவார்கள், அதற்கு முன் தாண்டிவிட வேண்டும் என்று தாண்டிவிட்டார். போன் வந்தபோது தாம்பரத்தில் இருந்தார்.

நாலாம் நாள் வேலைக்கு வந்தார். மேனேஜர் கூப்பிட்டு, “பாய், ரூட்டை மாத்தித் தர்றேன். வேளச்சேரி பக்கம் எடுத்துக்கங்க” என்றார்.

“வேணாம் சார். இதே இருக்கட்டும்.”

ஏன் என்று மேனேஜர் கேட்கவில்லை.

அன்றிலிருந்து போகும்போது நாலு முறை, வரும்போது நாலு முறை அந்த இடத்தைக் கடந்தார். போகும்போது அது இடப்பக்கம் வரும். தண்ணீர் கேன் கம்பெனி ஒன்றின் நீலப் போர்டு தெரிந்ததும் காலை எடுத்து நியூட்ரலில் போடுவார். ஊரப்பாக்கம் ஸ்டாப்புக்காக எப்படியும் போட வேண்டிய நியூட்ரல்தான். என்ஜின் சத்தம் அடங்கும். வண்டி உருளும். கண் நேராக ரோட்டில் இருக்கும். அரை நிமிஷத்துக்கும் குறைவு. பிறகு ஸ்டாப் வந்துவிடும், கதவு, விசில், அடுத்த கியர். அழுகை வந்ததில்லை. நெஞ்சு அடைத்ததில்லை. அந்த அரை நிமிஷம் இல்லாமல் ஒரு நாள் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை.

அவர் மனைவி ஷம்சாத் அந்தப் பக்கமே போவதில்லை. கூடுவாஞ்சேரியில் இருக்கிற தங்கையைப் பார்க்கப் போனால்கூட முடிச்சூர் வீட்டிலிருந்து தாம்பரம் வந்து ரயிலில்தான் போவாள்.

“ரூட்டை மாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்பாள்.

“டூட்டிதானே.”

“டூட்டி இல்ல. எனக்குன்னு இருந்தது போயிடுச்சு. நீங்களும் தினம் பாதி ஆளா அங்கேயே இறங்கிட்டு வர்றீங்க.”

யாசீன் தட்டில் இருக்கிறதைச் சாப்பிடுவார். உப்பு கூடக்குறைய இருந்தாலும் சொல்வதில்லை. அவருக்கு அது தெரிவதில்லை என்று ஷம்சாத்துக்குத் தெரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் டிப்போவுக்கு மின்சார பஸ் வந்தது. மொத்தம் பன்னிரண்டு. ஒன்பது ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு, மூன்று வேளச்சேரிக்கு. அந்த ரூட்டுகளில் இனிமேல் டீசல் வண்டி கிடையாது. இருபத்துநாலு டிரைவர்களைப் பொறுக்கி ஒரு மாதம் பழக்குவதாக ஏற்பாடு. யாசீன் பெயர் முதலில் இருந்தது. டீசலைச் சிக்கனம் பண்ணுகிற ஆள் கரண்ட்டையும் பண்ணுவார் என்பது மேனேஜரின் நினைப்பு.

வண்டி செய்த கம்பெனியிலிருந்து வினிதா என்று ஒரு இன்ஜினியர் வந்து ஓய்வறையில் வகுப்பு எடுத்தாள். நாடு செலவழிக்கிற கச்சா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வெளியிலிருந்து கப்பலில் வருகிறது என்றாள். எங்கேயோ சண்டை மூண்டால் இங்கே விலை ஏறுகிறது. பஸ், லாரி, ரயில் என்று ஒவ்வொன்றாக எண்ணெயிலிருந்து கழற்ற வேண்டும். பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் பஸ் தினம் ஒரே வழியில் ஓடி ஒரே இடத்துக்குத் திரும்பி வருகிறது, சார்ஜ் போட வசதி.

தினகரன் கையைத் தூக்கினான். யாசீனோடு பன்னிரண்டு வருஷமாக இருக்கிற டிரைவர், வாய் சும்மா இருக்காது.

“கரண்ட்டு எதுலருந்துமா வருது?”

“நிலக்கரி, காத்தாலை, சோலார், எல்லாம் கலந்து சார்.”

“அப்போ சுத்திகினு கரி இன்ஜினுக்கே வந்துட்டோம்னு சொல்லு.”

எல்லாரும் சிரித்தார்கள். வினிதாவும் சிரித்துவிட்டு, “கரி குறைய குறைய இந்த வண்டி தானா சுத்தமாகும் சார். டீசல் வண்டியில அந்த வழியே இல்ல. அது கடைசி வரைக்கும் டீசல்தான்” என்றாள்.

பிறகு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும் என்று சொன்னாள். மோட்டாரே டைனமோவாக மாறிவிடும். சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். அப்படிப் பிடிக்கிற சக்தி வீணாகாமல் பேட்டரிக்குத் திரும்பிப் போகும். யாசீன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டது காதில் இருந்தது. வண்டியைப் பிடித்து இழுக்கிற எதுவும் நஷ்டம், விட்டு உருட்டுகிறதுதான் லாபம் என்பது இருபத்தேழு வருஷமாக அவர் கையில் இருந்தது.

கடைசியில் ஒரு விஷயம் சொன்னார்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றே கால் யூனிட் எல்லை. எல்லைக்குள் ஓடினால்தான் இந்த ஏற்பாடு மற்ற டிப்போக்களுக்கும் போகும். மாதத்தின் கடைசிப் பத்து நாள் சராசரி பார்ப்பார்கள். ஒன்றே காலைத் தாண்டுகிற டிரைவர் மறுபடி டீசலுக்கு. இங்கே டீசல் வண்டிக்கு இடம் இல்லை என்பதால் வேறு டிப்போவுக்கு.

புது வண்டியில் கியர் இல்லை. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் மூன்று பொத்தான்கள். மேலே இருப்பது முன்னால் போவதற்கு, நடுவில் நியூட்ரல், கீழே இருப்பது பின்னால் போவதற்கு. முதல் நாளே யாசீனின் இடக்கை நடுப் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டது. வண்டி சத்தமில்லாமல் உருண்டது. நீலப் போர்டிலிருந்து ஊரப்பாக்கம் ஸ்டாப் வரைக்கும் டயர் ரோட்டில் உரசுகிற ஒலி மட்டும். பழைய வண்டியைவிட இது நன்றாக இருக்கிறது என்று நினைத்தார்.

பதினைந்தாம் நாள் பட்டியல் ஒட்டினார்கள். தினகரன் மூன்றாம் இடம், 1.12. யாசீன் இருபத்துநாலாம் இடம், 1.46.

“இன்னா பாய் இது?” என்றான் தினகரன். “கரண்ட்ட வூட்டுக்கு எதுனா எடுத்துகினு போறியா? டிபன் பாக்ஸ காட்டு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாசீன் பட்டியலைக் கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தார். மேலிருந்து கீழாக ஒரு தடவை. மீட்டர் தப்பு என்று நினைத்தார். வண்டியை மாற்றிக் கொடுத்தார்கள். நாலு நாள் ஓட்டினார். 1.47.

மேனேஜர் கூப்பிட்டார். “பாய், உங்களை நம்பி முதல் பேரு உங்க பேரைத்தான் எழுதினேன். நாளையிலிருந்து கடைசிப் பத்து நாள் கணக்கு ஆரம்பம். இப்படியே போனா என் கையில ஒண்ணும் இல்ல.”

வீட்டில் சொன்னார். ஷம்சாத் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்ப அந்த ரோடு இருக்காது?”

“இருக்காது.”

“அல்லா கண்ணைத் தொறந்தான்” என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லாததால் மறுபடி கரண்டியை எடுத்தாள்.

மறுநாள் காலை முதல் ட்ரிப்பே எல்லையைத் தாண்டியது. ஷிப்ட் முடிந்ததும் வினிதா லேப்டாப்போடு டிப்போவில் காத்திருந்தாள். வண்டி தான் செய்ததையெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறது என்று யாசீனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“சார், மீட்டர் சரியாத்தான் இருக்கு. நீங்க ஓட்டுறதும் ரொம்ப அழகா இருக்கு. ஒரே ஒரு விஷயம். நேத்து மட்டும் இருநூத்திப் பன்னெண்டு தடவை நியூட்ரல் போட்டிருக்கீங்க.”

“இருக்கும்.”

“நியூட்ரல் போட்டா மோட்டார் சக்கரத்தை விட்டுடும் சார். திரும்பி வர வேண்டியது வராது. மத்தவங்க நூறு யூனிட் எடுத்து இருபத்தஞ்சு திருப்பிக் கொடுக்குறாங்க. நீங்க எடுக்குறதே மத்தவங்களவிடக் கம்மிதான். ஆனா திருப்பித் தர்றது ஒண்ணுமே இல்ல.”

யாசீன் திரையைப் பார்த்தார். அவர் ஓட்டிய ஒரு நாள் முழுவதும் அதில் ஒரு கோடாக ஓடியது. நியூட்ரல் போட்ட இடமெல்லாம் கோடு தட்டையாக இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு தட்டை.

“இதுக்குத்தான் எனக்கு அஞ்சு சர்ட்டிபிகேட் குடுத்தாங்கம்மா” என்றார்.

“டீசலுக்கு அது சரி சார்.”

அவர் முடிவு பண்ணிவிட்டார், போடுவதில்லை என்று. அடுத்த நாள் குரோம்பேட்டைக்குள்ளேயே பதினொரு தடவை போட்டுவிட்டார். முடிவு பண்ணியது தலை. பொத்தானை அடிப்பது கை. கை எப்போது போனது, எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கண்டக்டர் செல்வமேரி பின்னாலிருந்து ஒவ்வொரு தடவையும் எண்ணிச் சொன்னாள். இரண்டு வருஷமாக அவரோடு டூட்டி பார்க்கிறவள்.

“பதினொண்ணு ஆச்சு அண்ணா.”

“தெரியுது.”

“தெரிஞ்சும் போடுறீங்க.”

பொத்தேரியில் வண்டி நின்றபோது அவள் டிக்கெட் மிஷினில் பேப்பர் ரோல் மாற்றினாள். தீர்ந்துபோன ரோலின் நடுவில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் குழல் கையில் மிஞ்சியது. யாசீன் அதை வாங்கிப் பார்த்தார். பிளேடால் அரை விரல் உயரத்துக்கு அறுத்து, நடுப் பொத்தானைச் சுற்றி வளையமாக வைத்து டேப் ஒட்டினார். வேண்டுமென்று நினைத்து விரல் நுனியை உள்ளே விட்டால் பொத்தான் அழுந்தும். பழக்கத்தில் உள்ளங்கை ஓரத்தால் தட்டினால் வளையத்தில்தான் இடிக்கும்.

“நல்லாத்தான் கீது” என்றாள் செல்வமேரி. “எங்க வூட்டுக்காரர் வாய்க்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க.”

திரும்பி வரும்போது கை வளையத்தில் இடித்துக்கொண்டே வந்தது. கால் மட்டும் பழைய இடத்திலேயே ஆக்சிலேட்டரை விட்டது. விட்டதும் மோட்டார் வண்டியைப் பிடித்தது. ஸ்டாப்புக்கு வெகு முன்னாலேயே வேகம் செத்தது, மறுபடி மிதிக்க வேண்டியிருந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள் முன்னும் பின்னும் ஆடினார்கள். “டிரைவர் புதுசா?” என்று ஒரு பெண் குரல் கேட்டது. அதற்கு முன்னால் அப்படி யாரும் கேட்டதில்லை. யாசீனுக்குக் கோபம் வந்திருக்கலாம். காது கேட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை முதல் ட்ரிப். ஆறே முக்கால் மணி. வண்டலூர் மேம்பாலம் இறங்கி, கிளாம்பாக்கத்தில் ஆள் ஏற்றி, கிளம்பி நாற்பது வேகத்துக்கு வந்தார். நீலப் போர்டு தெரிந்தது. கால் எழும்பியது. கை போய் வளையத்தில் இடித்து நின்றது.

வண்டி உருளவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி இழுத்தது. திரையில் நாற்பது இருபத்தெட்டு ஆனது, பதினைந்து ஆனது. திரும்ப மிதித்தால் போதும், ஸ்டாப் வரைக்கும் போய்விடும். கால் மிதிக்கவில்லை. எட்டு, ஐந்து. பிறகு கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. மூன்று வருஷமாகக் கண்ணை நேராக வைத்து உருட்டிக்கொண்டு போன இடத்தில் பஸ் நின்றுவிட்டது.

யாசீன் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மழைநீர்க் கால்வாய்க்கு மேல் போட்ட சிமென்ட் பலகைகள். அதில் ஒன்று உடைந்து கம்பி தெரிந்தது. இளநீர் விற்கிறவன் தார்ப்பாயால் மூடி வைத்த குவியல். பிளாட் விற்பனைக்கு என்று ஒரு தட்டி. ஒரு நாய். அவர் மனசில் அந்த இடத்தில் ஒற்றை ஷூ கிடந்தது, கூட்டம் நின்றது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. இதுதான் அந்த இடமா என்று சந்தேகம் வந்து போர்டைத் திரும்பப் பார்த்தார். இதுதான்.

கதவைத் தட்டுகிற சத்தம். கீழே ஒரு வயசான அம்மா, தலையில் கீரை மூட்டை. கதவைத் திறந்தார்.

“இன்னா டிரைவரே, இன்னிக்குத்தான் கண்ணு தொறந்துதா?” ஏறும்போதே ஆரம்பித்தாள். “மூணு வருசமா இங்க நின்னுகினு கை காட்றேன். ஒருத்தனாவது நிறுத்துனீங்களா? அதுலயும் நீ இருக்கியே, திரும்பிக்கூடப் பாக்க மாட்ட. சர்ருனு பூடுவ.”

“ஸ்டாப்பு அங்க இருக்கும்மா” என்றாள் செல்வமேரி.

“கீது. யாரு இல்லேன்னது? இந்த மூட்டையத் தூக்கிகினு அம்மாந்தொலவு நீ வாயேன் பாக்கலாம். அஞ்சம்மான்னா கூடுவாஞ்சேரி மார்க்கெட்டுல அத்தினி பேருக்கும் தெரியும். பஸ்ஸுக்காரனுக்குத்தான் தெரியல.”

பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். செல்வமேரி சிரிக்கவில்லை. அது எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். யாசீனின் கழுத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக இரண்டு விசில் கொடுத்தாள்.

மூன்று வருஷம் என்றால் அன்றைக்கும் இவள் இங்கேதான் எங்கேயோ நின்றிருப்பாள். யாசீனுக்கு அது கூடுவாஞ்சேரி வரும்போது தோன்றியது. அஞ்சம்மாள் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். கதவை மூடினார்.

சாயங்காலம் ஷம்சாத் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு வண்டி அங்க நின்னுச்சு” என்றார்.

பூண்டு கையில் நின்றது. “அங்கன்னா?”

“அங்கதான்.”

கையிலிருந்த பூண்டை உரித்துப் போட்டுவிட்டு அவள் கேட்டாள். “என்ன இருக்கு அங்க?”

“ஒண்ணும் இல்ல. கால்வாய் பலகை. இளநீர்க் கடை. கீரை விக்கிற அம்மா ஒருத்தி நிக்குது.”

“என்ன கீரை?”

“பாக்கல.”

அவள் மீதிப் பூண்டையும் உரித்து முடித்தாள். மறுநாள் யாசீன் பார்த்துக்கொண்டு வந்து, அரைக்கீரையும் சிறுகீரையும் என்று சொன்னார். “ம்” என்றாள்.

அடுத்த நாட்களில் கால் இடம் மாறக் கற்றுக்கொண்டது. எந்த ஸ்டாப்புக்கு எத்தனை மீட்டர் என்று புதிதாக அளந்தார். தாம்பரத்துக்கு நூற்றிருபது. பெருங்களத்தூருக்கு நூறு, கூட்டமிருந்தால் தொண்ணூறு. காலை ஒரேயடியாக எடுக்காமல் முட்டை மேல் வைத்திருப்பது போல மெதுவாகத் தளர்த்தினால் மோட்டார் மெதுவாகப் பிடிக்கும், நிற்கிறவர்கள் ஆட மாட்டார்கள். மேம்பால இறக்கத்தில் வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கும்போது திரையில் பேட்டரிக்குள் போகிற யூனிட் பச்சையாக ஏறும். அந்தப் பச்சையை அவர் பார்த்தார். 1.46 என்பது 1.31 ஆனது, 1.22, 1.17.

ஊரப்பாக்கம் ஸ்டாப்புக்கு இப்போது நூற்றைந்து மீட்டரில் காலை எடுத்தால் போதும். அந்த இடத்தை மிதித்துக்கொண்டே நாற்பதில் கடந்துவிடலாம். மற்ற மூன்று ட்ரிப்பும் அப்படித்தான் கடந்தார். ஆறே முக்கால் ட்ரிப்பில் மட்டும் அஞ்சம்மாள் கை காட்டினாள், அவர் நிறுத்தினார்.

“அண்ணா, யூனிட்டு” என்றாள் செல்வமேரி. நின்ற வண்டியை மறுபடி கிளப்புவதற்குத்தான் அதிகம் செலவாகிறது என்று அவளும் கற்றிருந்தாள். “செக்கிங் வந்தா ஸ்டாப் இல்லாத எடத்துல ஏத்துனதுக்கு எழுதுவாங்க.”

“எழுதட்டும்.”

கேட்க வேண்டியதை அஞ்சம்மாளிடம் அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அவள் மார்க்கெட்டைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், மருமகளைத் திட்டினாள். அவர் கேட்டுக்கொண்டு ஓட்டினார்.

பத்து நாள் முடிந்து பட்டியல் ஒட்டினார்கள். ஆரம்பத்தில் ஏறிப்போயிருந்த இரண்டு நாளும் சேர்ந்து யாசீனின் சராசரி 1.24. இருபத்துநாலு பேரில் இருபத்திரண்டாம் இடம். அவருக்குக் கீழே இருந்த இரண்டு பேரும் வேறு டிப்போவுக்குப் போக வேண்டும்.

மேனேஜர் அறையில் டூட்டி சார்ட் விரித்திருந்தது. “மயிரிழைல தப்பிச்சீங்க பாய். அதே ரூட்டு, அதே ஷிப்ட். எழுதிடவா?”

யாசீன் சார்ட்டைப் பார்த்தார். அந்த ரூட்டுக்காகத்தான் பத்து நாள் கையை அடக்கினார், காலை மாற்றினார். எழுதுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தார், இல்லை. அங்கே போய் உருட்ட அந்த அரை நிமிஷமும் இனிமேல் கிடையாது.

“வேளச்சேரி போடுங்க சார்.”

மேனேஜர் பேனாவை வைத்தார். “மூணு வருஷமா நான் சொன்னப்பல்லாம் மாட்டேன்னீங்க.”

“ஆமா சார்.”

“இப்ப என்ன?”

“அங்க நின்னு பாத்துட்டேன் சார்.”

மேனேஜருக்குப் புரிந்ததா தெரியாது. சார்ட்டில் யாசீன் இடத்தில், வேளச்சேரியில் ஓட்டிக்கொண்டிருந்த தினகரன் பெயரை எழுதினார். வெளியே வந்தபோது மனசு லேசானதாக யாசீனுக்குத் தோன்றவில்லை. கனமாகவும் இல்லை. வீட்டில் சொன்னால் ஷம்சாத் அழலாம். அழுதால் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார முடியும் என்று நினைத்தார்.

தினகரன் சார்ஜ் போடுகிற இடத்தில் தன் புது டூட்டிச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தான்.

“இன்னா பாய், என் வேளச்சேரிய நீ எடுத்துகினியாமே. ஏசி கடைங்க பாத்துகினு ஓட்டலாம்னா?”

“ஊரப்பாக்கத்துக்கு முன்னால ஒரு அம்மா நிக்கும். கீரை மூட்டை வெச்சிருக்கும். நிறுத்திடு.”

“ஸ்டாப்புக்கு முன்னாலயா?”

“இருநூறு மீட்டர் முன்னால.”

தினகரன் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். அவனும் அந்த இடத்தை அறிந்தவன்தான். சீட்டை மடித்தான்.

“யூனிட்டு ஏறும் பாய்.”

“ஏறும்.”

“எந்த ட்ரிப்புல நிக்கும்?”

“காலையில முதல் ட்ரிப். நூத்திப் பத்து மீட்டர்ல கால எடு, மெதுவா எடு, அது கிட்டப் போறதுக்குள்ள தானா நின்னுடும்” என்றார் யாசீன்.